சிப்பாய் கொட்டாவில் ஒரு புயல் பகல்

வெறுங்காலோடு ஓடினாலும் அந்தக் கூடம் நம் காலடியைப் பெரிதாக்கித்தான் திருப்பிக் கொடுக்கும். ஒருவர் நடந்தால் ஒரு படையே நடப்பது போலக் கேட்கும். தும்மினால் நாலு மூலையிலிருந்தும் யாரோ தும்முவார்கள். புறா எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அதன் வாசனை, மறுநாள் பள்ளிக்கூடத்திலும் எங்கள் பாவாடைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்தில் அதற்குக் கவாத்துக் கூடம் என்று பெயர். கடலோரக் குருசுக்குப்பத்தில் எங்களுக்கு அது 'சிப்பாய் கொட்டா'.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், மழை மாதங்களிலும் உச்சி வெயிலிலும் சிப்பாய்களைத் திடலில் நிறுத்திக் கவாத்து வாங்க முடியாது என்பதற்காக அதைக் கட்டியதாகச் சொல்வார்கள். அணிவகுத்துத் திரும்பும்போது யாருக்கும் இடிக்கக் கூடாது என்று நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னி, அதன்மேல் ஓடு போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை படுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுவர் அகலம். அந்தச் சுவர்களில் இடுப்பளவில் தொடங்கி ஆள் உயரத்துக்கும் மேலே போகும் ஜன்னல்கள். கண்ணாடி கிடையாது, மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வரும்படி சாய்த்து அடித்த மரப்பட்டைகள்தான். பெரிய கதவுக்கு நேரெதிரே, மேலே, அதிகாரிகள் நின்று கவாத்தைப் பார்ப்பதற்காக ஒரு மரமாடம் இருந்தது. அதை 'பால்கோன்' என்போம். சுழன்று ஏறும் குறுகிய இரும்புப்படி ஒன்று அதற்குப் போயிற்று.

கூடத்தின் சாவி அந்துவான் என்ற பெரியவரிடம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய 'சொல்தா' அவர். குப்பத்தில் எல்லாருக்கும் 'முசே', பிரெஞ்சில் ஐயா என்பது போல. உடைந்த நாற்காலிகளையும் பெஞ்சுகளையும் அரசாங்கம் அங்கே போட்டு வைத்திருந்தது, அவற்றுக்கு அவர் காவல். மாலையில் கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பார். நாங்கள் உள்ளே புகுந்தால், "கால்ல மண்ணோட வராதீங்க, மேல ஏறாதீங்க, பலக உளுத்துக் கெடக்கு" என்று மட்டும் சொல்வார். விரட்டியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு, கார்த்திகை மாதத்தில், அந்தப் புயல் வந்தது. ரேடியோவில் முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் உடனே வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. படகு, வலை, கோழி என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். விடிந்தபோது கடல் முதல் வரிசைக் குடிசைகளுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா மற்ற ஆம்பிளைகளோடு படகுகளை மேலே இழுத்துக் கட்டப் போனார். அம்மா ஒரு கையில் அரிசிப் பானையையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு சிப்பாய் கொட்டாவுக்கு ஓடினாள். என் தம்பி சேகருக்கு அப்போது நாலு வயது. அப்பாவின் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். அன்றும் அப்பாவோடு இருக்கிறான் என்றே அம்மா நினைத்தாள்.

நாங்கள் போனபோது முசே கதவை ஏற்கனவே விரியத் திறந்து வைத்திருந்தார். யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. "மொதல்ல புள்ளைங்கள உள்ள கொண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று அவர் யாருடைய காலையும் பார்க்கவில்லை. குப்பமே உள்ளே வந்தது. கடைசியாக வந்த ஆம்பிளைகள் கதவைச் சாத்தி, கட்டுமர மரங்களையும் அரசாங்கப் பெஞ்சுகளையும் அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"சேகர் எங்க?" என்றாள் அம்மா.

"உன்னோட தானே வந்தான்?"

 அப்பா திரும்பி, தெருப்பக்கத்துச் சின்னக் கதவை நோக்கி நடந்தார். நாலைந்து பேர் பிடித்துப் பார்த்தார்கள், உதறிவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும் அந்தக் கதவைச் சாத்த மூன்று பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

அம்மா அழவில்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே ஓடுகள் வரிசை வரிசையாகப் பிய்த்துக்கொண்டு போயின. மழை கூடத்துக்குள்ளேயே விழுந்தது. எல்லாரும் சுவரோரமாக ஒதுங்கி அந்த இரும்புச் சட்டங்களை அண்ணாந்து பார்த்தோம். அவை முனகின. ஆனால் அசையவில்லை.

பால்கோன் பக்கத்து ஓடுகள் போனபோதுதான் ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் குரல் எல்லாச் சுவரிலும் பட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். அம்மா எழுந்து கிழக்கே ஓடினாள், பிறகு மேற்கே, பிறகு நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரும் பேசாதீங்க" என்றார் முசே. பட்டாளத்துக் குரல் அது. அன்றுதான் நான் கேட்டேன். கைக்குழந்தைகளைத் தவிர அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். முசே தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மேலே கை காட்டினார்.

சேகர்தான். கதவு திறந்திருந்ததைப் பார்த்து எல்லாருக்கும் முன்பாக ஓடி வந்து, புறாவைத் துரத்திக்கொண்டு மேலே ஏறி, அங்கே கிடந்த சாக்கில் தூங்கிவிட்டிருக்கிறான். மழை மேலே விழுந்ததும் விழித்திருக்கிறான். அம்மா படியேறிய வேகத்தில் படி கிணுகிணுத்தது. "செவுத்த ஒட்டியே நடம்மா, நடுவுல கால் வெக்காத" என்று முசே கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவனை இடுப்பில் வைத்து இறங்கி வந்தவள் முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. பிள்ளை உள்ளே இருக்கிறான். அப்பா வெளியே இருக்கிறார்.

எவ்வளவு நேரம் போயிற்றென்று தெரியாது. காற்று திசை மாறி மெல்ல இளகியது. நான் தெருப்பக்கத்து ஜன்னலின் மரப்பட்டைகளுக்கிடையே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சமயம், ஜன்னலுக்கு வெளியிலேயே, சுவரில் சாய்ந்தபடி ஒரு முதுகு தெரிந்தது. அப்பாவின் முதுகு. சட்டை கிழிந்திருந்தது. அவர் கதவைத் தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சும்மா நனைந்துகொண்டு நின்றார். எங்கள் குடிசை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்ததாம். தென்னை மரங்களைப் பிடித்துப் பிடித்துத் தேடிவிட்டுத் திரும்பி வந்து, கதவைத் தட்டக் கை தூக்கி, அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். இதை அவர் சொல்லவில்லை. பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அப்பா, தம்பி இங்கதான் இருக்கான்" என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. அம்மா ஓடி வந்தாள். அவளும் கத்திப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் ஒரு மரப்பட்டையைப் பிடித்து இழுத்துப் பெயர்த்தெடுத்தாள். அந்தச் சந்தில் சேகரின் கையைப் பிடித்து வெளியே நீட்டினாள்.

அவன் விரல்கள் அப்பாவின் தோளில் பட்டன. அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கதவைத் திறந்த பிறகும் விடவில்லை. முசே வெளியே போய், "கைய விடுய்யா, உள்ள வந்து முழுசா பாரு" என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்.

அந்தப் புயலில் எங்களுக்கு வீடு போயிற்று, வலை போயிற்று. ஆள் யாரும் போகவில்லை. தண்ணீர் வடியும் வரை எல்லாரும் அங்கேயே கஞ்சி காய்ச்சிக் குடித்தோம்.

பிறகு பல ஆண்டுகள் அந்தக் கூடம் பாதி ஓட்டோடு பூட்டிக் கிடந்தது. இடித்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி எழும். கடலை விட்டுத் தள்ளி நெல்லித்தோப்பில் குடியேறிய பிறகும் அது என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பழுது பார்ப்பது என்று முடிவாகி, சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையே பூசி, இந்த ஆண்டு திறந்துவிட்டார்கள். செய்தியைப் படித்ததும் அப்பாவையும் சேகரையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

இரும்புச் சட்டங்கள் புதுச்சாயத்தோடு அதே இடத்தில் இருந்தன. பால்கோனும் அதன் படியும் இல்லை. தாங்காது என்று எடுத்துவிட்டார்களாம். மரப்பட்டைகள் போய் ஜன்னல்களில் கண்ணாடி வந்திருக்கிறது. முசே காலமாகி வெகுநாளாயிற்று, அவர் வீடு இன்று ஒரு தங்கும் விடுதி. நாங்கள் விளையாடிய மணற்கரையும் இல்லை. கடல் தின்றது போக மிச்சத்தில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

அப்பா உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை. கைத்தடியோடு வெளியே போய்த் தெருப்பக்கத்துச் சுவரோரம் நடந்தார். ஒரு ஜன்னலுக்கு அருகே நின்று, கண்ணாடி வழியாக உள்ளே எங்களைப் பார்த்தார். சேகர் வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றான். நானும் போனேன்.

"இவ்ளோ கிட்டயா நின்னுக்கினு இருந்தேன்?" என்று கேட்டார். அந்த நாளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு செவுருதாம்பா நடுவுல" என்றான் சேகர்.

அப்பா சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கலாம் என்றார்.