தட்டின் ஓரம் காலியான ஞாயிறு

வேலையிடத்தில் அவருக்குப் பெயர் அரை இஞ்ச். புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் கதவு மாட்டுவதும் சமையலறை அலமாரி செய்வதும் அவர் தொழில். கொத்தனார் கட்டி முடித்த வாசலின் முன் டேப்பை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "அரை இஞ்ச் சாஞ்சிருக்கு" என்பார். எந்த மாடியானாலும், எந்தக் கொத்தனாரானாலும், அவர் கண்ணுக்கு உலகம் அரை இஞ்ச் சாய்ந்தே நின்றது.

நல்ல தச்சர்தான். மிக நல்ல தச்சர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவர் செய்து கொடுத்த எங்கள் வீட்டு அலமாரியின் ஒரு கதவு மழைக்காலத்தில் இன்றும் திறக்க மறுக்கிறது. கேட்டால், சுவர்தான் சாய்ந்திருக்கிறது என்பார்.

அவர் வீட்டுச் சமையலறையில் ஓர் அடுப்பு, அதில் இரண்டு எரிவாய்கள். இடதுபக்கம் அவருடையது. அதில் கறி வறுபடும், மீன் பொரியும், முட்டை உடையும். வலதுபக்கம் அவர் மனைவியுடையது. அதில் காய் வேகும். கல்யாணமான புதிதில் இப்படி இல்லை. அந்த அம்மாள் சமைத்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தட்டின் ஓரத்தில், டைல்ஸ் ஒட்டியதுபோல வரிசையாக வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிடத் தொடங்குவார். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் ஒருநாள் கேட்டார்: "தட்டுக்குப் பார்டர் கட்டவா நான் சமைக்கிறேன்?" மறுநாள் இரண்டாவது சட்டி வந்தது. அதன்பிறகு அந்த விஷயத்தில் சண்டையே இல்லை. சண்டை நின்றுவிட்டால் சமாதானம் வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் வந்திருப்பது இரண்டாவது சட்டி மட்டுமே.

மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். சட்டிகள் இரண்டும் அப்படியே இருந்தன.

பிறகு ஒரு காலையில் அந்த அம்மாள் குளியலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு.

மறுநாள் மகள் போனில் கூப்பிட்டாள். தச்சர் ஸ்பீக்கரில் போட்டார். "அம்மாவை அங்க வச்சுக்கிட்டு நீங்க என்னப்பா பண்ணப் போறீங்க? ஞாயித்துக்கிழமை அவர் கார் எடுத்துக்கிட்டு வருவாரு. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அம்மா இங்க இருக்கட்டும்."

"ஏன், நான் இல்லையா?"

"நீங்க இருக்கீங்க. நீங்க சமைச்சதைச் சாப்பிட்டுட்டு அம்மாவும் இருக்கணுமே."

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? நேத்துலேருந்து முட்டை, வறுவல், மறுபடியும் முட்டை. நெஞ்செல்லாம் எரியுது. எனக்கு ஒரு வாய் காய் வேணும்ங்க."

போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை அவருடைய கருவிப் பெட்டியில் எப்போதும் இருந்ததில்லை. மனைவி இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் வந்து கதவைத் திறப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். "காய்தானே, நான் சமைக்கிறேன்" என்றார்.

"நீங்களா?"

"கதவு செய்யுறவனுக்குக் கத்திரிக்காய் வெட்டத் தெரியாதா?"

"வெட்டத் தெரியும். அப்புறம்?"

"அப்புறம் அடுப்பு பாத்துக்கும்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். எதுக்கும் என் துணிப்பையை எடுத்து வாசக்கதவு பக்கத்துல வச்சிடுங்க."

வைத்தார். அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் அந்தப் பை அவர் காலில் இடித்தது.

அன்று சாயங்காலம் காய்க்கடைக்குப் போனார். கல்யாணமானதிலிருந்து அந்தக் கடையைத் தாண்டித்தான் கறிக்கடைக்குப் போயிருக்கிறார். எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெரியவில்லை. தெரிந்த வித்தையைச் செய்தார். கேரட்டை உடைத்துப் பார்த்தார். பூசணியைக் காதருகே வைத்து விரல் மடக்கித் தட்டினார்.

"கதவைத் தட்டுற மாதிரி தட்டுறீங்களே, உள்ள யாரும் இல்லண்ணே" என்றார் கடைக்கார அம்மா. "உடைச்ச கேரட்டையும் சேத்துத்தான் எடுத்துக்கணும்."

வீட்டுக்கு வந்து ஸ்டீல் ஸ்கேலைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். கேரட், பீன்ஸ், பூசணி, முட்டைக்கோஸ், தக்காளி, எல்லாமே அரை இஞ்ச். ஒரு துண்டு கூட நூலிழை மாறவில்லை. மாறியதைக் குப்பைக்கு ஒதுக்கினார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தக்காளியைக் கூடவா அளக்கணும்?"

"ஒரே அளவா இருந்தாத்தான் ஒரே மாதிரி வேகும். இது கணக்கு."

எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு, உப்பு போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார். திறந்தபோது தக்காளியைக் காணவில்லை. பூசணி கூழாகி, அந்தக் கூழுக்குள் பீன்ஸ் விறைப்பாக நின்றது. மனைவி இடது கையில் கரண்டியைப் பிடித்து ஒரு வாய் எடுத்தார். நெடுநேரம் மென்றார்.

"எப்படி?"

"அளவு சரியா இருக்கு" என்றார் அந்த அம்மாள். கண்ணோரம் சிரிப்பு. ஆனால் இரண்டாவது வாய் எடுக்கவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தச்சர் சட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாட்டிய கதவு இடித்தால், அதைக் கழற்றி, கீல் கீலாகப் பார்ப்பது அவர் பழக்கம். அப்படியே ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கடித்துப் பார்த்தார். சாப்பிடுவதாக நினைத்திருந்தால் அவர் வாய் திறந்திருக்காது. எங்கே பிசகியது என்று சோதிப்பதாகத்தான் நினைத்தார். முட்டைக்கோஸ் நைந்திருந்தது, துப்பினார். கேரட் பாதிதான் வெந்திருந்தது. நறுக்கென்று கடிபட்டது. உள்ளே இனித்தது. இன்னொரு துண்டைத் தேடினார். பிறகு இன்னொன்று. சட்டியில் கேரட் தீர்ந்தபின்தான், தான் பசியோடு இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

தேக்கும் பிளைவுட்டும் ஒரே உளிக்கு ஒரே மாதிரி நிற்பதில்லை என்று அவருக்குத் தெரியும். கேரட்டும் தக்காளியும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றாமல் போனதுதான் பிசகு. ஒரு துறையில் நமக்குள்ள அறிவு அடுத்த அறைக்குள் தானாக நுழைவதில்லை. யாராவது கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அவருக்கு மாவுக்கட்டு திறந்துவிட்டது.

மறுநாள் வேலையிடத்தில் அவர் டப்பாவைத் திறந்ததும், வழக்கம்போல நாலு கை நீண்டது. நீண்ட வேகத்தில் திரும்பிப் போனது. உள்ளே சோறும் கேரட்டும் பீன்ஸும்.

"என்னண்ணே, கறிக்கடைக்காரனோட சண்டையா?" என்றார் பெயிண்டர். சாப்பாட்டு வேளையில் எப்போதும் அவர் பக்கத்தில் உட்காருபவர்.

"வீட்டுல கை ஒடிஞ்சிருக்கு. நான்தான் சமையல்."

"அண்ணிக்குக் கைதானே ஒடிஞ்சது, உங்களுக்கு நாக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தச்சரும் சிரித்தார். அன்றைக்கு முதன்முறையாக அவர் டப்பா முழுவதும் அவருக்கே கிடைத்தது. பாதிச் சாப்பாட்டில் அவரே பேச்சை எடுத்தார். "ஏம்பா, இந்த வெண்டைக்காய் மட்டும் ஏன் கோந்து மாதிரி இழுக்குது? காலையில வெட்டிப் பாத்தேன். கத்தியே ஒட்டிக்குச்சு."

"கழுவிட்டு அப்படியே வெட்டினீங்களா?"

"ஆமா."

"ஈரச் சுவர்ல நான் பெயிண்ட் அடிச்சா சும்மா இருப்பீங்களா நீங்க? துடைச்சுக் காயவிட்டு வெட்டுங்கண்ணே. சட்டியையும் மூடாதீங்க."

அன்று சாயங்காலம் வெண்டைக்காய்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, மேசையில் காற்றாட அடுக்கினார். வார்னிஷுக்கு முன் பலகையைத் துடைக்கும் அதே கை. சட்டியைத் திறந்தே வைத்து, கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, ஓரம் சிவக்கும்வரை வதக்கினார். இழுக்கவில்லை. அடுப்படியிலேயே நின்றுகொண்டு பாதியைத் தின்றுவிட்டார்.

"எனக்குக் கொஞ்சம் வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆனால் சிக்கல் அங்கேதான் இருந்தது. அவருக்குப் பிடித்த பக்குவம் அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் பீன்ஸைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு வரிசை. தச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலோரப் பை அவர் கண்ணுக்கு ஒரு சுற்றுப் பெருத்தது.

"என்ன, பார்டர் கட்டுறியா?"

"வேகவே இல்லையே. ஆணி மாதிரி இருக்கு."

"பல்லுக்கு ஒரு வேலை வேணாமா? நீ சமைக்கிறது நாக்குல வச்சா காணாமப் போயிடும். அதனாலதான் எனக்குக் காயே ஆகாம இருந்துது."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கப்பாவுக்கு முன்பல், கடைவாய்ப்பல் எதுவும் கிடையாது. சின்ன வயசுலேருந்து அவருக்குத்தான் சமைச்சேன். குழைய வெந்தாத்தான் அவர் சாப்பிடுவாரு. எனக்கும் அதுவே பழகிப் போச்சு."

"இதை நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே. தட்டுல ஒதுக்குனீங்க, அவ்வளவுதான். எப்படி இருந்தாப் பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

பிடிக்கவில்லை என்பதை நாம் முடிவாகச் சொல்கிறோம். எது பிடிக்கவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் திகைக்கிறோம். அவர் வெறுத்தது காயை அல்ல, குழைவை. அதைக் கண்டுபிடிக்க மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை காத்திருந்திருக்கிறார்.

சனிக்கிழமை அவர் செய்தது எளிய வேலை. பாதி வெந்ததும் கரண்டியால் தன் பங்கை எடுத்து வைத்துக்கொண்டார். மிச்சத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடினார். மனைவியின் பங்கு பிறகு இறங்கியது. இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒரே சட்டியிலிருந்து வந்ததைச் சாப்பிட்டார்கள். இடது எரிவாய் மூட்டப்படாமலே இருந்தது.

"என்னங்க, உங்க பீன்ஸ்ல ஒண்ணு குடுங்க" என்றார் அந்த அம்மாள். கடித்துப் பார்த்தார். "பரவாயில்ல. பீன்ஸ் மட்டும் இப்படி இருக்கலாம்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு" என்றார் அந்த அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவருக்குக் கை ஓடவில்லை. பூசணி, கேரட், முட்டைக்கோஸ், பட்டாணி என்று ஒவ்வொன்றையும் அதனதன் நேரம் பார்த்து இறக்குவதாகத் திட்டம். கேரட்டைப் பெரிதாகவும் முட்டைக்கோஸை மெல்லியதாகவும் நறுக்கியிருந்தார். ஸ்கேல் தேவைப்படவில்லை. எல்லாம் சட்டிக்குள் போய்ச் சேர்ந்த நேரத்தில் வாசலில் கார் நின்றது.

"வாங்க மாப்பிள்ளை."

மருமகன் செருப்பைக் கழற்றும்போதே பையைப் பார்த்துவிட்டார். "அத்தை ரெடியா இருக்காங்க போல. இதைக் கார்ல வச்சிடட்டுமா மாமா?"

"சாப்பிட்டுட்டுப் பாத்துக்கலாம்" என்றார் தச்சர். பையை யாரும் தூக்கிவிடாதபடி அதன்முன் நின்றுகொண்டார். மகளைப் பற்றிக் கேட்டார். வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டார். வாசல் கதவு கீச்சிடுவதாக மருமகன் சொன்னதும், எண்ணெய்க் குப்பியைத் தேடிக்கொண்டுவந்து கீலுக்கு விட்டார். அரை இஞ்ச் சாய்வு பற்றி விளக்கவும் தொடங்கினார்.

"என்னங்க" என்று மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டார். "சட்டியை மறந்துட்டீங்க."

ஓடினார். மூடியைத் திறந்தார். அவர் பங்கு எடுத்துவைக்கப்படாமலே எல்லாம் குழைந்திருந்தது. கேரட் கூடக் கரண்டி பட்டதும் விட்டுக்கொடுத்தது.

மூன்று தட்டுகளில் பரிமாறினார். மருமகன் பசியோடு வந்தவர், தலை நிமிராமல் சாப்பிட்டார். அந்த அம்மாள் தன் தட்டைப் பார்க்கவில்லை. கணவரின் தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் சோற்றைப் பிசைந்தார். ஒரு துண்டை விரலால் தொட்டார். விரல் ஓரத்தை நோக்கிப் போவதுபோல இருந்தது. பிறகு அதை வாயில் வைத்தார். அடுத்ததையும் வைத்தார்.

முட்டைக்கோஸ் அவருக்குப் பிடித்ததாக முகம் காட்டவில்லை. தண்ணீர் குடித்து அனுப்பினார். ஆனால் பூசணியில் நின்றார். மறுபடி ஒரு துண்டு எடுத்தார். இந்த முறை அவசரமில்லாமல்.

"இந்தா" என்றார் மனைவியிடம். "பூசணி இப்படித்தான் இருக்கணும் போல. குழைஞ்சாத்தான் இனிக்குது."

"இத்தனை நாளா அதைத்தானே சமைச்சேன்."

"இத்தனை நாளா நான் எங்க சாப்பிட்டேன்?"

மருமகன் கை கழுவிவிட்டு வந்தார். "அப்ப கிளம்பலாமா அத்தை? இருட்டுறதுக்குள்ள போயிடலாம்."

அந்த அம்மாள் மேசையைப் பார்த்தார். தச்சரின் தட்டில் ஒன்றும் இல்லை. ஓரம் வெறுமையாக, கழுவியதுபோல இருந்தது.

"நான் வரல மாப்பிள்ளை. அவகிட்ட நான் போன்ல சொல்லிக்கிறேன்."

"கை இப்படி இருக்கே அத்தை?"

"கைக்கு என்ன, கட்டுக்குள்ள சுகமா இருக்கு. இவருக்குத்தான் ஆள் வேணும். நான் இல்லன்னா சட்டியைப் பாக்கச் சொல்லிக் கூப்பிடுறது யாரு?"

தச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். துணிப்பையை அலமாரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வரும்போது கையில் மிச்சப் பாதிப் பூசணி இருந்தது. அதை மருமகனிடம் கொடுத்தார்.

"கார்ல இடம் இருக்குமில்ல? வீட்டுல குடுங்க. நல்லாக் குழைய வேகவைக்கச் சொல்லுங்க. கேரட்டை மட்டும் முன்னாடியே இறக்கிடணும்."

சமையல் அவருக்குக் கைவந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கட்டுப் பிரித்தபின் ஒருநாள் அந்த வீட்டில் நானும் சாப்பிட்டேன். முட்டைக்கோஸில் உப்பு இல்லை. ஆனால் பீன்ஸ் நன்றாக இருந்தது. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.