மூன்றாவது பதில்

அக்காவை நினைத்தால் கடலூரில் அந்தப் பள்ளிக்கூட வராந்தாதான் முதலில் வருகிறது. 2004 சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, காணாமல் போனவர்களை அங்கே கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பதிவு செய்த பெண் அக்காவின் கணவரான என் மச்சானின் பெயரையும் வயதையும் தட்டிவிட்டு, "உயிரோட இருக்காரா, இறந்துட்டாரா மேடம்?" என்று கேட்டாள். அக்கா, "தெரியாதும்மா" என்றாள். "ரெண்டுதான் மேடம் இருக்கு. ஒண்ணு சொன்னாதான் அடுத்த பக்கம் போவும்." "அப்ப போவ வேணாம், வுட்டுடும்மா" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

அக்கா படித்ததே அதைத்தான். கடலூரில் குடியிருந்தாலும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணினித் துறையில் வேலை பார்த்தாள். எந்தத் தகவலை எந்தக் கட்டத்தில் வைப்பது, எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான் அதே சிதம்பரத்தில் தெற்கு வீதியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். "என் கடை அலமாரிக்குக் கட்டம் போட்டது நான்தான். எனக்கும் டாக்டர் பட்டம் குடு" என்று சீண்டுவேன். "உன் அலமாரியில ஒரு டப்பாவுக்கு நேரா ஒண்ணும் எழுதலன்னா என்னடா அர்த்தம்? சரக்குத் தீந்துடுச்சா, இல்ல நீ இன்னும் தொறந்தே பாக்கலியா?" என்பாள். நான் திருதிருவென்று முழிப்பேன், மச்சான் சிரிப்பார். 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்தால் பின்னால் பொய்க்கணக்குதான் வரும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

கடல் ஊருக்குள் வந்த அன்று சிதம்பரம் கோயிலில் ஆருத்ரா தரிசனம். அக்கா முதல் நாளே சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மச்சான் கடலூரிலேயே தங்கிவிட்டார். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், நீ போயிட்டு வா. வரும்போது களி எடுத்துட்டு வா" என்றாராம். தினமும் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் நடந்தாரா என்று பார்த்தவர் யாருமில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது, வாசலில் அவர் செருப்பு இல்லை. அக்காவின் கையில் களித் தூக்கு இருந்தது.

அதன்பிறகு வீட்டில் ஓயாத சண்டை. பதினாறாம் நாள் காரியம் செய்துவிடலாம் என்றாள் அம்மா. அக்கா மாட்டேன் என்றாள். நெற்றியில் குங்குமத்தோடு கோயிலுக்குப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசினார்கள். "எத்தினி நாளைக்குடி இப்பிடி?" என்று அம்மா அழுதபோது, "தெரியாததை இல்லைன்னு எழுதச் சொல்றியேம்மா. நாளைக்கு அவுரு வந்து நின்னா அதை யாரு அழிக்கிறது?" என்றாள். படித்தவளுக்கு இப்படி ஒரு பிடிவாதமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வருஷங்களில்தான் அவள் பெரிய வேலைகளைச் செய்தாள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைக்கவும், அதை யார் சொன்னார்கள், எவ்வளவு நிச்சயம் என்று கூடவே குறிக்கவும் ஒரு முறையை வகுத்தாள். எங்கெங்கோ உள்ளவர்கள் அதை எடுத்தாண்டார்கள். வெள்ளத்திலும் பூகம்பத்திலும் ஆட்களைத் தேடுகிறவர்கள் அதன்படி பதிவேடு அமைத்தார்கள். கல்லூரியில் அவளுக்குப் பாராட்டு விழா நடந்தது. மேடையில் என்னென்னவோ புகழ்ந்தார்கள். இத்தனை பெரிய ஆராய்ச்சியும் மச்சான் திரும்பி வந்தால் அவருக்கு ஒரு இடம் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

2012இல் அக்காவின் மாமியார் படுத்த படுக்கையானார். ஒருநாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நீ காத்துக்கிட்டு இரு, நான் வேணாங்கல. எனக்குத்தான் நாளு இல்ல. நான் கண்ண மூடறதுக்குள்ள எம்புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சிடுங்க" என்றார். அக்கா ஐயரை வரச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த ஐயர், இறந்த திதி என்ன என்று கேட்டார். உறவுக்காரர்கள் எல்லோரும் மார்கழிப் பௌர்ணமி என்றார்கள். "அன்னிக்குத்தான்னு யாரு பாத்தா? எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. மறுபடியும் சண்டைதான் என்று நான் நினைத்தேன். ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "தெரியலன்னா பரவாயில்லம்மா. மகாளய அமாவாசையில செஞ்சுடலாம்" என்றார்.

"தெரியாதுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"திதி தெரியாதவங்களுக்கு அந்த நாளுதாம்மா."

அத்தனை வருஷத்தில் 'தெரியாது' என்ற அக்காவின் பதிலை அப்படியே வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர். "சரி, செய்யுங்க" என்றாள்.

அமாவாசையன்று கடற்கரையில் மச்சானின் தம்பி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஐயர் மச்சானின் பெயரைச் சொன்னதும் அக்கா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நாங்கள் சுற்றி நின்றோம். எங்களுக்குக் கண்ணீர் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவருக்காக எப்போதோ அழுது முடித்திருந்தோம். அவளுக்கு அன்றைக்குத்தான் அவர் செத்துப்போனார்.