பெட்டி தின்ன கரண்ட்

கஞ்சமெல்லாம் கிடையாதுங்க. பட்டன் அக்காவ யாராவது அப்படிச் சொன்னா எனக்குச் சுள்ளுனு ஏறும். கரண்டு கரண்டுன்னு அவங்க புலம்புனது காசுக்காக இல்ல. சொல்றேன் கேளுங்க.

எங்க கட்டடத்துல மாடிக்கு ஒரு வீடு. கீழ பேங்க்காரர் குடும்பம். அதுக்கு மேல அக்கா. அக்காவுக்கு மேல நான். உச்சியில, வீட்டுலயே உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பாக்குற ஒரு தம்பி. அக்கா என்னைவிடச் சின்னவங்கதான். ஆனா எல்லாரும் அக்கான்னு கூப்பிடுறப்ப எனக்கும் அப்படியே வாயில வந்துடுச்சு. அவங்க என்னை அண்ணேம்பாங்க. ரெண்டு பேருமே மாத்தி மாத்தி மூத்தவங்க.

சட்டைக் கம்பெனியில இருந்து மூட்டை மூட்டையா சட்டை வந்து விழும். அக்கா ஜன்னல் ஓரம் உக்காந்து பட்டன் தைச்சுக் குடுப்பாங்க. வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரே பையன் கப்பல்ல சமையல்காரன், கப்பல் கரைக்கு வந்தாத்தான் போன் பண்ணுவான். மூட்டை கொண்டாற ஆளு வாசல்லயே இறக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிடுவான். அவ்வளவுதான் அந்த வீட்டுக்கு வரத்து.

அக்கா வீடு போக மத்த மூணு வீட்டுக்கும் சேத்து ஒரே இன்டர்நெட் லைன் வாங்கினோம். வைஃபை பெட்டிய எங்க மாட்டறதுன்னு வந்தப்ப, அக்கா வீட்டுல மாட்டினா மேலயும் கீழயும் எட்டும்னு தம்பி சொன்னான். அக்காகிட்ட இருக்கிறது பழைய போன், அதுல நெட்டும் வராது ஒண்ணும் வராது. ஆனா பெட்டிக்குக் கரண்ட் அவங்க மீட்டர்ல. அதனால மாசாமாசம் நாங்க ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை குடுக்கணும்னு பேச்சு.

அன்னைல இருந்து ஆரம்பிச்சாங்க. "ராத்திரி பகல் இல்லாம திங்குது அண்ணே இது. நான் லைட்ட அணைச்சுட்டுப் படுத்தாலும் இது மட்டும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. என் மீட்டர் தாங்குமா?"

தம்பி கணக்குப் போட்டுப் பாத்தான். "அக்கா, ஒரு குட்டி பல்பு எரியற அளவுதான்."

"அப்ப உன் வீட்டுல ஒரு பல்ப அணைக்காம எரிய விடுடா, பாப்போம்."

தம்பி கணக்குப் போட்ட போனைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான்.

போன்ல காசு அனுப்புறேன்னா ஒத்துக்க மாட்டாங்க, கையிலதான் குடுக்கணும். நோட்டக் குடுத்தா, "இருங்க, மீதி தரேன்"னு டப்பா டப்பாவாத் திறப்பாங்க. எல்லாத்துலயும் பட்டன்தான் இருக்கும். அதுக்குள்ள அடுப்புல டீ கொதிச்சிடும். டீ வந்தா உக்காரணும். உக்காந்தா பேசணும்.

பெட்டி அப்பப்ப மக்கர் பண்ணும், சுவிட்ச அணைச்சுப் போட்டாச் சரியாயிடும். எனக்குப் பேத்தி பொறந்திருக்கா, சொன்னேனா? முதல்ல அதையில்ல சொல்லியிருக்கணும்! தங்கக் கட்டி. வேற ஊர்ல இருக்கா. வீட்டுக்காரியும் மகளுக்கு ஒத்தாசையா அங்க போயிட்டா. நான் இங்க போன் வழியாத்தான் தாத்தா. டயர் கடையில வேலை முடிச்சு வந்ததும் கையக்கூட சரியாக் கழுவாம போனை எடுத்துடுவேன். ஒரு நாள் புள்ள கொட்டாவி விடப் போறா, வாயத் திறந்துட்டா, அப்படியே படம் நின்னு போச்சு. செருப்பில்லாம ஓடினேன் கீழ.

"அக்கா, பெட்டி!"

சுவிட்ச அணைச்சாங்க. போடல.

"போடுங்கக்கா."

"சூடு ஆறட்டும் அண்ணே."

"உடனே போடலாம்னு தம்பி சொன்னானே?"

"அவனுக்கு என்ன தெரியும்? இந்தப் பெட்டிக்குச் சோறு போட்டு வளக்கிறது நானு. உக்காருங்க. புள்ள யாரு சாயல்?"

"என் சாயல்தான்."

"ஐயோ பாவம்."

இப்படித்தாங்க. பேங்க்காரர் சம்சாரம் வந்தாலும் சூடு ஆறணும், தம்பி வந்தாலும் சூடு ஆறணும். அந்தப் பெட்டி டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆறவே ஆறாது.

போன மாசம் பேங்க்காரர் எங்க எல்லாரையும் அக்கா வீட்டுக்கே கூப்பிட்டார். நல்ல மனுஷன், அதான் வம்பு. "நம்ம நெட்டுக்கு இவங்க மீட்டர் ஏன் ஓடணும்? பாவம், தினமும் வருத்தப்படுறாங்க. பெட்டிய மாடிப்படி லைட் எரியற பொது மீட்டருக்கு மாத்திடலாம். மாடிப்படிச் சுவத்துல மாட்டி, சுவிட்சையும் அங்கயே வெச்சிட்டா அவங்களுக்கும் தொந்தரவு இல்ல."

அக்கா கையில ஊசி அப்படியே நின்னுச்சு. "அதுக்கு என்ன இப்ப அவசரம்?"

"நீங்கதானேக்கா சொல்லிக்கிட்டே இருக்கீங்க?"

"சும்மா வாய்க்கு வந்தது. அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு..." ஊசியச் சட்டையில குத்தி வெச்சுட்டுச் சொன்னாங்க, "எனக்குக் காசே வேணாம். நானே கட்டிக்கிறேன். இங்கயே இருக்கட்டும்."

பேங்க்காரருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு! இப்படிப்பட்டவங்க தலையில நாம பாரத்த ஏத்தலாமா?" இனி அவர யாரு தடுக்கிறது?

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பெட்டி போனா அந்தக் கதவத் தட்ட ஆளு கிடையாது. "இங்கயே இருக்கட்டுமே சார்"னு வாயத் திறந்தேன். "ஏன்?"னு கேட்டார். அக்கா என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை. இவங்களுக்குப் பேச்சுத்துணை இல்ல சார்னு நாலு பேரு முன்னால எப்படிங்க சொல்றது? "இல்ல, சுவத்துல ஓட்டை போடணுமேன்னு பாத்தேன்"னு மழுப்பிட்டேன்.

எலக்ட்ரீஷியன் வந்தாரு. அவருக்கு ஒரு டீ குடுத்தாங்க, இன்னொரு டீ குடுத்தாங்க, ஃபேன் சத்தம் போடுதுன்னு அதையும் பாக்கச் சொன்னாங்க. எவ்வளவு நேரம்தான் இழுக்க முடியும்? வயர உருவி, பெட்டிய வெளிய மாட்டிட்டுப் போயிட்டாரு.

இப்ப பெட்டி நின்னா, போற வர்ற யாராச்சும் மாடிப்படியில சுவிட்ச ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடறாங்க. உடனே வந்துடுது, சூடெல்லாம் ஆற வேணாம். அக்கா வீட்டுக்கு உள்ள பட்டன் டப்பா மூடுற சத்தம் மட்டும் கேக்கும். நான் ரெண்டு மூணு தடவ போனேன். கதவத் திறந்ததும், "நின்னு போச்சா?"ன்னு ஆசையாக் கேப்பாங்க. இல்லக்கான்னா, அப்புறம் என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது.

இன்னைக்குக் காலைல கீழ கரண்ட் பில்லுங்க வந்து கெடந்துச்சு. அவங்களுதையும் எடுத்துட்டுப் போனேன். பேத்தி குப்புற விழுந்த படத்தையும் காட்டலாம்னு. "கண்ணாடி எங்கயோ வெச்சுட்டேன், நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னாங்க. எனக்கு எழுத்து அரைகுறைதான், நம்பர் நல்லாவே வரும். பழைய பில்லையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஏதோ கொறைஞ்சிருந்துச்சு. ரெண்டு டீக்குக்கூடக் காணாது. சொன்னேன். நம்பாம திரும்பவும் பாக்கச் சொன்னாங்க. திரும்பவும் அதேதான்.

பேத்தி படம் இருந்த போனை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, அதப் பாக்காம என்னையே பாத்துச் சொன்னாங்க: "இவ்வளவு சில்லறைக்கா அண்ணே அத்தனை பேரு என் வீட்டுக்கு வந்துட்டுப் போனாங்க? ரொம்ப மலிவாத்தான் இருந்திருக்கு."