தகர விசிறி

அக்கா வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த விசிறி ஒன்று இன்றும் தொங்குகிறது. எட்டு இதழ்கள், நடுவில் போல்ட் போக ஒரு துளை. எட்டையும் ஒரே சாய்வில் முறுக்கி, கையைக் கிழிக்காதபடி ஓரங்களை மடித்து அரம் போட்டிருந்தார் மாமா. ராயபுரத்தில் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கதவு கண்ணில் படாத பக்கமாகத்தான் உட்காருவேன். இப்படி உட்கார்ந்தே கிழவனாகிவிட்டேன்.

மாமா என்றால் அக்காவின் கணவர். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். நான் டிப்ளமா முடித்துத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனா, நாக்கு நுனியில் எந்நேரமும் ஒரு சூத்திரம். அக்காவுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. தண்டையார்பேட்டைத் தையல் பள்ளி ஒன்றில் அவளுக்கு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஜூனில் சேர வேண்டும். பஸ் படி ஏற அவளால் முடியாது. கை ரிக்‌ஷாவில் ஏறமாட்டாள். "மனுசன் இஸ்துகினு போற வண்டில குந்திகினு போனா எனக்குச் சோறு எறங்காது" என்பாள். அதனால்தான் மாமாவுக்கு அந்த எண்ணம் வந்தது. அவள் தானே கையால் ஓட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கார் கட்டுவது.

மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கார் ஒன்றின் படம், மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் இருந்தது. நான் படித்துச் சொல்லச் சொல்ல மாமா கட்டினார். பைப் சட்டகம், கப்பலில் வந்த பெட்டிகளின் ப்ளைவுட், மேலே அலுமினியத் தகடு. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். பாக்கி இருந்தது இன்ஜின்தான். அதற்காக ஞாயிறு தவறாமல் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் இருவரும் அலைந்தோம். முன்னூற்றைம்பது சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இழுவை உண்டு. ஆனால் உயரம், கனம், உதறல். அந்தச் சின்ன உடம்பில் வைத்தால் உட்கார்ந்திருப்பவரின் பல்லும் ஆடும். ஆட்டோ ரிக்‌ஷா இன்ஜின் சிறியது, சக்தி குறைவு. ஆனால் குளிரவைக்க அதிலேயே விசிறி இருக்கும். இருநூற்றைம்பது சி.சி. டூ ஸ்ட்ரோக் கச்சிதமானது, சீறிப் பாயும். அதில் விசிறி கிடையாது. மோட்டார் சைக்கிள் ஓடும்போது எதிரே அடிக்கும் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி.

மாமா ஆட்டோ இன்ஜினைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். நான் விடவில்லை. சூத்திரம் எழுதிக் காட்டினேன். ஆனால் உண்மைக் காரணம் சூத்திரத்தில் இல்லை. "கார் டிசைன் பண்றேன் சார்" என்று எங்கள் மேனேஜரிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருந்தேன். ஆட்டோ இன்ஜின் வைத்த வண்டியை அவர் என்னவென்று சொல்வார்?

"ஓடச்சொல்லோ காத்து வரும், சரி மச்சான். நின்னுகினு இருந்தா?" என்று கேட்டார் மாமா.

"நிக்க வைக்கறதுக்கா மாமா கார் கட்றோம்?" என்றேன். கடைக்காரர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டூ ஸ்ட்ரோக் வந்தது. மாமா பிஸ்கட் டின்னை வெட்டி விசிறி செய்து, இன்ஜினிலிருந்து பெல்ட் போட்டுச் சுழலவிட்டார். அது கடகடவென்று சத்தம் போட்டது. "வண்டியா, காப்பிக்கொட்டை மெஷினா? சக்தியெல்லாம் இதுவே தின்னுடும்" என்று கேலி செய்தேன். எண்ணூர்க் கடற்கரைச் சாலையில் விசிறி இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். உப்புக்காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது கார். "பாத்தீங்களா?" என்றேன். அன்று மாலை மாமா விசிறியைக் கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டினார்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் புது வண்டிகளுக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிறகு அவை பேண்டு வாத்தியத்தின் பின்னால் ஊர்வலமாகத் தெருச் சுற்றிவர வேண்டும். பிறந்ததிலிருந்து அந்த ஊர்வலத்தைப் பார்ப்பவன் நான். அது நடையைவிட மெதுவாகப் போகும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஒன்றைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை. மே மாத வெயிலில், நீலப் புடவையில், அக்கா காரை ஓட்டி வந்தாள். மேனேஜரை நானே அழைத்திருந்தேன். முதல் கியரிலேயே ஊர்ந்து இரண்டாவது தெரு முனைக்கு வந்தபோது கருகல் வாடை அடித்தது. 'கிரீச்' என்றொரு சத்தம். இன்ஜின் இறுகிப்போய் நின்றுவிட்டது. பேண்டு போய்க்கொண்டே இருந்தது. அக்காவால் இறங்கி நடக்க முடியாது. அவளை உள்ளே வைத்தே பத்துப் பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். இழுக்கிற வண்டியில் ஏறாதவளை ஊரே பார்க்கத் தள்ளினார்கள். யாரோ விசிலடித்தார்கள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "டூ ஸ்ட்ரோக் ஆச்சே, பெட்ரோல்ல ஆயில் கலந்தீங்களா? கலக்காட்டி இப்படித்தான் இறுகிடும்."

அன்று காலை ஆயிலை அளந்து கலந்தவன் நான்தான். ஆனால் கலந்தேன் என்று சொன்னால், இந்த இன்ஜினைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். "மாமா பாத்துக்கறேன்னாரு சார். மறந்துட்டாரு போல" என்றேன்.

இரண்டடி தள்ளி நின்ற மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அறிமுகம் இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு விநாடி பார்த்தார். பிறகு குனிந்து வண்டியைத் தள்ளப் போனார்.

பேச்சு சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கப் பரவியது. கிரேனையே கழற்றிப் பூட்டுகிறவருக்கு 'ஆயில் மறந்த மெக்கானிக்' என்று பெயர் வந்தது. மறுநாள் இன்ஜினைப் பிரித்தபோது நானும் இருந்தேன். டேங்கிலிருந்து வடித்த பெட்ரோல் ஆயில் கலந்து நீலம் பாரித்திருந்தது. மாமா விரல்களுக்கிடையில் அதைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "காத்து பத்தல மச்சான்" என்றார். அவ்வளவுதான். பிஸ்டனை மாற்றியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். அக்கா அதில் மறுபடி ஏறவில்லை. ஜூன் வந்தது, தையல் பள்ளியில் வேறொருத்தி சேர்ந்தாள். எனக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. வரைபடப் பிரிவிலேயே உயர்ந்து ஓய்வும் பெற்றேன்.

போன மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, முதல் முறையாகக் கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த விசிறியை நினைவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்படியே உண்மையையும் சொல்லிவிடலாம் என்று வந்திருந்தேன். "அக்கா, அன்னிக்கு ஆயில்..." என்று ஆரம்பித்தேன்.

"நீதான் கலந்தே. ஜன்னலாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள் அக்கா. "ஊருக்கே கத்தி சொல்லணும்னு இருந்துச்சு. அவருதான் வாணாம்னாரு. 'சின்னப் பையன், பயந்துட்டான். அவனா வந்து சொல்லுவான் பாரு'ன்னாரு. ஆஸ்பத்திரில கூட, யாருனா வந்தா வாசலப் பாத்துகினே இருந்தாரு."

நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போயிருந்தேன். இரண்டு முறையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. ஆணியில் விசிறி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, எதுனா வோணுமா?" என்று கேட்டாள்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.