காரவனின் முன்சக்கரம்

சித்தப்பாவின் ஷெட்டைத் திறந்ததும் கிரீஸ் மணத்தது. மூலையில், காற்றடைத்த அகலமான சின்னச் சக்கரம் ஒன்று கிடந்தது. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

எண்பதுகளில், என்னுடைய ஏழாவது வயதில், சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர். அவர் தங்குவதற்காக அப்பா, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான காரவன் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பின்வளவுப் புல்தரைக்குக் கொண்டுவந்தார். புது வாகனத்துக்குச் செய்வதுபோல அம்மா சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்தா. தள்ளியதும், முன்பாரத்தைத் தாங்கும் ஒல்லிச் சக்கரம் தேசிக்காயை நசுக்கவில்லை. அதையும் அமத்திக்கொண்டு மழை ஈரத்தில் சேற்றுக்குள் இறங்கிவிட்டது.

சித்தப்பாவின் முகம் கறுத்துப்போனது. "சகுனம் சரியில்லை அண்ணை."

"சகுனமில்லையடா, சக்கரம் மெல்லிசு," என்றார் அப்பா. அடுத்த கிழமையே இந்த அகலச் சக்கரத்தை வாங்கிப் பூட்டினார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் அப்பா அதன் தண்டுக்குக் கிரீஸ் பூசி, காற்றுப் பார்த்து, காரவனை ஓரடி முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டுவார். "உருண்டாத்தான் காரவன். உருளாட்டி, அனுமதியில்லாம வீடு கட்டியிருக்கிறியள் எண்டு கவுன்சில் வந்து நிக்கும்." சனி இரவு ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கும் சித்தப்பாவும் கட்டிலோடு ஓரடி போய் வருவார். நாலு வருடம் அப்படித்தான் போனது.

இப்போது அப்பாவும் இல்லை, காரவனும் இல்லை. சித்தப்பா மெல்லக் குனிந்து சக்கரத்தை விரலால் அமத்திப் பார்த்தார்.

"காத்துக் குறைஞ்சிருக்கு. அந்தப் பம்பை எடு பிள்ளை."