எந்த அட்டை யாருக்கு

பிற்பகல் இரண்டேமுக்கால் மணிக்குப் பிரசவ அறையின் கதவு பாதி திறந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டிய நர்ஸ், "கொழந்தையோட இதயத் துடிப்பு கொறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். யாராச்சும் வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அதற்கு முந்தைய நிமிடம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அல்லது சரியாக இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் வலி கண்டதும் என் மகள் எங்கள் ஊரான பரவையில், வீட்டு வாசலிலிருந்து தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறினாள். "எதுக்கும்மா இம்புட்டுப் பை? வீடு மாத்துறோமா?" என்று என்னைக் கேலி செய்தாள். உசிலம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்காக ஏழாம் மாதமே எங்களிடம் வந்திருந்தாள்.

கையெழுத்தை என் கணவர் போட்டார். மில்லில் ஆள்வருகை பதியும் டைம் ஆபீசில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அன்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் போட வேண்டும் என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகு மருமகனுக்குத் தகவல் சொல்ல டெலிபோன் பூத்தைத் தேடிக் கீழே போய்விட்டார். நான் மட்டும் ஆபரேஷன் அறைக் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. கரும்பலகையின் வலது மூலையில் தினமும் ஒரு பொன்மொழி எழுதுவது என் வழக்கம். ஆட்டோவின் முதுகில் படித்தது, காலண்டர் தாளில் வந்தது, போதகர் பிரசங்கத்தில் சொன்னது, எதுவானாலும் மனதில் வாங்கி வைத்துக்கொள்வேன். யாருக்காவது கஷ்டம் என்றால் பொருத்தமான ஒரு வாக்கியம் என்னிடம் இருக்கும். பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கும், கணவனை இழந்த சக ஆசிரியைக்கும், ஏன், மாடு செத்துப்போன பால்காரருக்கும்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது என் மண்டைக்குள் ஒரு வாக்கியம்கூட முழுதாக நிற்கவில்லை. ஒன்று பாதியில் அறுந்து இன்னொன்றின் நடுவில் போய் விழுந்தது. கைப்பையில் இரண்டு அட்டைகள் இருப்பது மட்டும் ஞாபகம் வந்தது.

எங்கள் சபையில் வருடப்பிறப்பு அன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். பீடத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய், கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒரு பக்கம் ரோஜாப்பூவோ நீர்வீழ்ச்சியோ படமாக இருக்கும். மறுபக்கம் ஒரு வசனம். அந்த வருடம் முழுவதும் ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வார்த்தை அதுதான். பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைப்போம். வருடக் கடைசியில் சாட்சி சொல்ல எழுந்தால், எனக்கு வந்த வாக்குத்தத்தத்தின்படியே என்றுதான் ஆரம்பிப்போம்.

அந்த ஜனவரியில் மகளுக்குக் கால் வீங்கியிருந்ததால் கோயிலுக்கு வரவில்லை. அவளுக்காக நான் ஒன்று எடுத்தேன். அத்தோடு நிற்காமல், வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் ஒன்று எடுத்தேன். போதகர் சிரித்துவிட்டார்.

"டீச்சர், அந்த ஆளு இன்னும் சபைக்கே வரலையே?"

"இந்த வருசத்துக்குள்ள வந்துரும்ல, ஐயா" என்றேன்.

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் கைகுலுக்கலிலும் இரண்டு அட்டைகளும் சேர்ந்து பைக்குள் போய்விட்டன. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால், எதை மகளுக்கென்று எடுத்தேன், எதைக் குழந்தைக்கென்று எடுத்தேன் என்று தெரியவில்லை. ஒன்று நீண்ட ஆயுளைப் பற்றிய வசனம். இன்னொன்று, தண்ணீரைக் கடக்கும்போது கூடவே இருப்பதாகச் சொல்லும் வசனம். அட்டை சிறியது என்பதால் அது முதல் பாதியோடு நின்றிருந்தது. "குடுங்கம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிறோம்" என்று மகள் தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு சொன்னாள். ஜனவரியில் இரண்டுமே நல்ல வசனங்களாகத்தான் தெரிந்தன.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அவற்றைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. ஒன்றில் ஆயுள் இருந்தது. இன்னொன்றில் துணை மட்டும்தான் இருந்தது. கடக்கும்போது கூட இருப்பார், சரி. கரை சேர்ப்பாரா? சிறுவயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தின் மறுபாதி எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆயுள் அட்டை என் மகளுடையதாக இருக்கட்டும் என்று ஜெபிக்க ஆரம்பித்தேன். அப்படியானால் குழந்தைக்கு நான் எதைக் கேட்கிறேன் என்ற பயத்தில் நடுவிலேயே நிறுத்தினேன். மறுபடி வேறு விதமாக ஆரம்பித்தேன். அதையும் முடிக்க முடியவில்லை.

பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மாடி வார்டில் மருமகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள் என்றும், உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர் என்றும் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"ஏக்கா, அது என்ன சீட்டு? மாத்தி மாத்திப் பாக்குறீக. டோக்கனா?"

"இல்லம்மா. வசனம். எங்க கோயில்ல எடுத்தது. ஒண்ணு மகளுக்கு, ஒண்ணு கொழந்தைக்கு."

"எது யாருக்கு?"

"அதுதான் தெரியல."

அவள் கிட்டே நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அட, எங்க ஊருல பூக்கட்டிப் பாக்குறாப்புல. செவப்பு ஒரு பொட்டணம், வெள்ளை ஒரு பொட்டணம். சாமி முன்னாடி போட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா நல்லது. செவப்பு வந்தா ஆகாது."

இது அப்படியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது வருடமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். குறி கேட்காதே, நாள் பார்க்காதே என்று. ஆனால் எப்படி வேறு என்று சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு அட்டைகளும் என் கையில் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தது சிவப்பையும் வெள்ளையையும்தான்.

"ஒங்களுக்கு எப்பவாச்சும் செவப்பு வந்துருக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை.

"வந்துச்சே! எங் கல்யாணத்துக்கே செவப்புத்தான். எங்கய்யா மறுக்காப் போட்டாரு, மறுக்காவும் செவப்பு. 'பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு'ன்னுட்டுக் கட்டி வச்சுட்டாரு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்தா, பேரன் பாத்தாச்சு. மனுசன் குடிகாரந்தான், அது வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவள் என் முதுகில் கை வைத்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். "பொண்ணு. நல்லா அழுதுருச்சு. ஒரு கொறையும் இல்ல. வாங்கிக்கோங்க."

"எம் மக?"

"உள்ள இருக்காங்க. ரத்தப்போக்கு நிக்கல. டாக்டர் பாத்துக்கிட்டுருக்காங்க. ரத்தம் வேணும், வீட்டு ஆம்பளைங்க யாரு இருக்கா?"

படியேறி வந்த என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, ரத்தத்துக்கான சீட்டை வாங்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார். நர்ஸ் இன்னும் குழந்தையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் கை நீட்டவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்ன கணத்திலேயே என் மனம் கணக்கை முடித்துவிட்டது. ஆயுள் இவளுக்கு. அப்படியானால் மற்ற அட்டை யாருக்கு?

"வாங்குங்கக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். நான் அசையாததைப் பார்த்துவிட்டு, "சரி, இங்கிட்டுக் குடுங்க சிஸ்டர். அது என்ன பாவம் பண்ணுச்சு, காத்துல நிக்குறதுக்கு?" என்று தானே வாங்கிக்கொண்டாள். யாரோ ஒருத்தியின் பேத்தியை மடியில் வைத்து, தன் முந்தானையால் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

சற்று நேரத்தில் எங்கள் செவ்வாய்க்கிழமை ஜெபக்குழுவை நடத்தும் பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, பலமான குரல். எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருப்பதில் எனக்கு அக்கா. வருடப்பிறப்பன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. இரண்டு வசனங்களையும், அவை கலந்துபோன கதையையும் பிறகு ஜெபக்குழுவில் நானே சொல்லியிருந்தேன். குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"ஸ்தோத்திரம், டீச்சர்! பாத்தீங்களா, வாக்குத்தத்தம் அப்படியே நெறவேறிருச்சு. அந்த ஆயுசு வசனம் இந்தத் தங்கத்துக்குத்தான்! அப்ப அந்த இன்னொண்ணு..."

நின்றுவிட்டாள். மூடிய கதவைப் பார்த்தாள். உயர்த்திய கைகளை எப்படி இறக்குவது என்று தெரியாதவள் போல மெதுவாக இறக்கினாள். அவள் ஒரு வசனம் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லக் கூடாது என்றும் விரும்பினேன். இரண்டில் எது அதிகமாக வேண்டியிருந்தது என்று தெரியவில்லை.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, டீச்சர்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "ரத்தம் வேணுமாமே? எனக்கு என்ன குரூப்புன்னே தெரியாது. போய்ப் பாக்குறேன்."

போனாள். வெகு நேரம் கழித்து விரல் நுனியில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எடுத்துக்கல, டீச்சர். எனக்கே ரத்தம் பத்தலையாம். முருங்கக்கீரை திங்கச் சொல்லி அனுப்பிட்டாங்க." அவமானப்பட்டவள் போல இருந்தது முகம். "சார் ரத்தப் பாட்டிலு வாங்கிட்டு வந்து உள்ள குடுத்துட்டாரு. மில்லுல இருந்து ஆளுக வந்துருக்காக, அவுக குடுத்தாக. சாரும் குடுக்குறேன்னு கையை நீட்டிக்கிட்டு உக்காந்துருக்காரு."

பிறகு என் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லை. என் புடவைத் தலைப்பின் ஒரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் அந்த உசிலம்பட்டிப் பெண் என் பேத்தியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு என் ஆண்டவரைத் தெரியாது. இன்னொருத்திக்கு அவர் அந்த நேரத்தில் என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கிருபை என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம்? அன்று அந்தப் பெஞ்சில் இருந்தது அதுதானா, அல்லது இரண்டு பெண்களின் இரக்கம் மட்டும்தானா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "எம் மருமக தேடுறா. இந்தா வாரேன்" என்று அவள் எழுந்தாள். என்னிடம் கேட்கவே இல்லை. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, என் கையை எடுத்துக் குழந்தையின் தலைக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் முதல்முதலாக அந்த முகத்தைப் பார்த்தேன். சிவந்து, சுருங்கி, எதையோ ஒப்புக்கொள்ளாத மாதிரி இருந்தது. உன் அம்மாவுக்குப் பதிலாக நீ என்று நான் நினைத்ததை அது அறியாது. கொட்டாவி விட்டது. அதன் உள்ளங்கையைத் தொட்டபோது விரலைப் பிடித்துக்கொண்டது. ஒரு கை தலைக்கு அடியில், இன்னொரு கை அதன் பிடியில். அட்டைகளை எங்கே வைத்தேன் என்று அப்போது எனக்கு நினைவில்லை. பிறகு தேடவும் இல்லை.

ஆண்டவரே, எனக்கு இரண்டு பேரும் வேண்டும் என்றேன். எந்த வசனத்தையும் ஆதாரமாகக் காட்டவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டேன். அது விசுவாசமா, வெறும் ஆசையா, எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முழுக்க நான் முடிக்க முடிந்த ஜெபம் அது ஒன்றுதான். தரையில் இருந்தவள் "ஆமென்" என்றாள். அப்போதுதான் நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

சன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. மருமகன் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆள் இன்னும் வந்து சேரவில்லை. என் கணவர் மடக்கிய கையோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். குழந்தையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு டாக்டரே வந்தார். என் மகளைவிடச் சில வயது மூத்த பெண்தான். தலையில் மாட்டியிருந்த பச்சைத் தொப்பி வியர்வையில் ஒட்டியிருந்தது. எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, என் முன்னால் வந்து குனிந்தார்.

"ரத்தம் நின்னுருச்சும்மா. கண்ணு முழிச்சுட்டாங்க. மொதல்ல கொழந்தையைக் கேப்பாங்கன்னு பாத்தா, 'எங்கம்மா அழுதுக்கிட்டு இருக்கும், யாராச்சும் கூட இருக்காங்களா?'ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"