சலூன்காரர் விலை ஏற்றிய வருஷம்

பம்பு தொழிற்சாலைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டுச் சலூன் நடத்திவந்தவர், முடிவெட்ட அரசாங்கம் குறித்த விலையைத்தான் வருஷக்கணக்காக வாங்கிவந்தார். திடீரென்று ஒருநாள், இனி அவரவர் விலையை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். மறுவாரமே சோப்பு, பிளேடு, கடை வாடகை எல்லாம் கிடுகிடுவென்று ஏறின. இவருக்குத்தான் விலையை ஏற்ற மனசு வரவில்லை. தொழிற்சாலை ஆட்களின் சம்பளம் இருந்த இடத்திலேயே நின்றது. முதலில் விலைவாசி அடங்கட்டும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"ஊரே ஏத்திட்டு உக்காந்திருக்கு. நீங்க யாருக்காக இழுத்துப் பிடிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "எண்ணெய் டப்பாவைக் கவுத்து வச்சுச் சொட்டுச் சொட்டா வடிச்சிட்டிருக்கேன், தெரியுமா?"

ரோஷத்தில் ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார். கடை வெறிச்சோடிப் போனது. இரண்டாவது நாற்காலியில் மாதச் சம்பளத்துக்கு வெட்டிய மைத்துனன் ஈ ஓட்டினான். தொழிற்சாலை வாசலில் காலரைத் தாண்டி முடி வளர்ந்த தலைகளைப் பார்க்கப் பார்க்கச் சலூன்காரருக்குக் கை அரித்தது.

ஒருநாள் ஃபிட்டர் ஒருவர் தொப்பியோடு உள்ளே நுழைந்து, தயங்கித் தயங்கி அதைக் கழற்றினார்.

"என்னப்பா, எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. வீட்ல வெட்டி விட்டா. நல்லாயிருக்குன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன்." இருவரும் சிரித்தார்கள். "கோவத்துல வராம இருக்கலண்ணே. சம்பளம் அசைய மாட்டேங்குது. பசங்க தலை வேற ரெண்டு இருக்கு."

சாயங்காலம் மைத்துனன் தலையைச் சொறிந்தான். "மாமா, எனக்கும் கொஞ்சம் ஏத்திக் கொடுத்தாத்தான் கட்டுப்படியாகும்."

"கடையே காத்து வாங்குது. எதுலேருந்துடா ஏத்துறது?"

சொன்ன பிறகுதான், சம்பளத்தை ஏற்றச் சொன்னால் தொழிற்சாலை மேனேஜரும் இதே பாட்டைத்தானே பாடுகிறார் என்று அவருக்கு உறைத்தது.

ஏற்றிய விலையில் பாதியைக் குறைத்தார். சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. மைத்துனனுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக அவன் நாற்காலியில் வருவதில் பாதி என்று பேசினார். முதல் மாதம் அவனுக்குப் பழைய சம்பளம்கூடத் தேறவில்லை. "என் தம்பி வயித்துல அடிச்சிட்டீங்களே," என்ற மனைவி அதற்குப் பிறகு முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராக ஆட்கள் திரும்பி வந்தார்கள். மாதாமாதம் வந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள்.

அடுத்த வருஷம் தொழிற்சாலையில் சம்பளம் ஏறியது. விலைவாசியை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு இல்லை. கையோடு பலரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஃபிட்டரும் அதில் ஒருவர். இப்போது வீடு வீடாகப் போய்ப் பம்பு ரிப்பேர் பார்க்கிறார்.

"இனிமே உன் கூலிய நீயே வச்சுக்கலாமேப்பா," என்றார் சலூன்காரர், அவர் அடுத்த தடவை முடிவெட்ட வந்தபோது.

"வச்சுக்கலாம்ண்ணே. கொடுக்க ஆள் வேணுமே."

சலூன்காரர் துண்டை உதறி அவர் கழுத்தில் கட்டினார்.